இரண்டு காவல்: கல்முனைக் கரையில் இஞ்ஞாசியாரும் கஸ்ஸாலியும்

மட்டக்களப்புப் பக்கம் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு உண்டு. விருந்தோம்பலைச் சொல்கிறார்களா, வசிய மருந்தைச் சொல்கிறார்களா என்பது சொல்பவரின் முகத்தைப் பொறுத்தது. கல்முனைக் கரையும் அந்தப் பேச்சுக்குள் அடங்கும். இங்கே ஒருவருக்கு மனம் பேதலித்தால், நல்ல குடும்பம் ஒன்று குலைந்தால், முதலில் எழுவது ‘யார் என்ன செய்து வைத்தார்கள்’ என்ற கேள்வி. சூனியம், செய்வினை, கண்ணூறு, ஜின் என்று காரணம் எப்போதும் வேலிக்கு அப்பால்தான் இருக்கும். சைவர் கோயிலடிக்குப் போவார். முஸ்லிம்கள் தண்ணீர் ஓதி வாங்குவார்கள். கிறிஸ்தவர் கைவைத்து ஜெபிக்கும் ஊழியரைத் தேடுவார். ஆனால் இதே கரையில் போதிக்கப்பட்டுவரும் இரண்டு மரபுகள் கேள்வியை வேறு இடத்தில் வைக்கின்றன. தீமை உன் மனத்துக்குள் எந்த வாசலால் வந்தது, எதைப் போல வேடம் போட்டு வந்தது என்பதே அவற்றின் விசாரணை.

ஒன்று, கிறிஸ்தவத்தில் ஆவிகளைப் பகுத்தறிதல் எனப்படும் ஒழுங்கு. 16ஆம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் லொயோலா அதற்கு விதிகள் வகுத்தார். மற்றது, இஸ்லாத்தில் வஸ்வாஸ் எனப்படும் ஷைத்தானிய ஊசாட்டத்தை இனங்காணும் கல்வி. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இமாம் கஸ்ஸாலி அதை ஒழுங்குபடுத்தி எழுதினார். கிறிஸ்தவன் தன் சோதனைகளை அறிந்துகொள்ள ஒரு முஸ்லிம் அறிஞரை ஏன் அருகில் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒவ்வொரு முறையிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. அது மற்றதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதே துலங்குகிறது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

கரைக்கு வந்த வழி

பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே போகும் தொடரில் பெரும்பாலானவை முஸ்லிம் ஊர்கள். இடையிடையே தமிழ் ஊர்கள். அவற்றுக்குள் சிறு தொகையாகக் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் சுயாதீன சபையினரும் வாழ்கிறார்கள்.

1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டம் இயேசு சபையினரின் கையில் வளர்ந்தது. முதலில் பிரெஞ்சுக் குருக்களும் பின்னர் அமெரிக்கக் குருக்களும் வந்தார்கள். இஞ்ஞாசியார் நிறுவிய சபை அது. அவருடைய ஆன்மப் பயிற்சிகளைச் செய்யாமல் அச்சபையில் எவரும் குருவாவதில்லை. அந்த வழியில்தான் தியானமும் ஆன்மசோதனையும் கிழக்கிலங்கைக் கத்தோலிக்கரின் பழக்கத்தில் ஊறின. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டம் ஆனது; கல்முனைக் கரையின் பங்குகள் இன்று அதற்குள் இருக்கின்றன. மெதடிஸ்தர் இந்த இயேசு சபையினருக்கு முன்பே வந்தவர்கள். 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் தொடங்கிய பணி பிறகு கல்முனைக்கும் நீண்டது. உவெஸ்லி உயர்தரப் பாடசாலை அதன் பேறு.

கஸ்ஸாலி இந்தக் கரைக்கு அந்நியர் அல்லர். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹப் எனும் சட்ட மரபினர். கஸ்ஸாலி அந்த மத்ஹபின் பேரறிஞர்களில் ஒருவர். நாகூர் ஆண்டகை எனும் இறைநேசரின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி சாட்சி சொல்லும் ஸூஃபி மரபுக்கும் அவர் ஆசான். தர்காவை ஏற்காத தவ்ஹீத் சிந்தனையாளர் அவர் எடுத்தாண்ட ஹதீஸ்கள் சிலவற்றின் பலவீனத்தைச் சுட்டுவார்கள்; ஆயினும் நப்ஸ் எனும் ஆசை மனத்தின் நோய்களைப் பற்றி அவர் எழுதியதை எளிதில் தள்ளிவிடுவதில்லை.

இரண்டு நெருக்கடிகள்

இருவரும் ஏட்டறிவிலிருந்து மட்டும் எழுதியவர்கள் அல்லர். 1521 மே மாதம் பம்பலோனாக் கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு இஞ்ஞாசியாரின் காலைச் சிதைத்தது. படுக்கையில் கிடந்தபோது வீரக் கதை நூல்கள் கிடைக்கவில்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும்தான் வீட்டில் இருந்தன. சீமாட்டி ஒருத்திக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களை எண்ணினாலும் மனம் இனித்தது. புனிதர்களைப் போல வாழ எண்ணினாலும் இனித்தது. எண்ணம் நின்ற பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. முதலாவது வறட்சியை விட்டுப் போயிற்று. இரண்டாவது மகிழ்ச்சியை விட்டுப் போயிற்று. அவருடைய விதிகள் எல்லாம் இந்தச் சிறிய கவனிப்பிலிருந்து வளர்ந்தவை. அந்த ஆன்மப் பயிற்சி நூலுக்கு 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அங்கீகாரம் அளித்தார்.

கஸ்ஸாலி 1058இல் தூஸ் நகரில் பிறந்தவர். 1091இல் பக்தாத் நிஸாமியாக் கல்லூரியின் தலைமை ஆசிரியர். அக்கால இஸ்லாமிய உலகில் அதற்கு மேலான கல்விப் பதவி அரிது. 1095இல் வகுப்பறையில் அவருடைய நாக்கு எழவில்லை, உணவும் இறங்கவில்லை. தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மையே கேட்டார். கிடைத்த விடை அவருக்கு உவப்பாக இல்லை. பதவியை விட்டு வெளியேறி ஆண்டுக்கணக்கில் அலைந்த காலத்தில் உருவானதே 40 பகுதிகள் கொண்ட இஹ்யா உலூமித்தீன். அதில் 21ஆம் பகுதி உள்ளத்தின் விந்தைகளையும் 30ஆம் பகுதி தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்வதையும் 38ஆம் பகுதி சுயவிசாரணையையும் பேசுகின்றன.

ஒருவர் போர்வீரர், மற்றவர் பேராசிரியர். ஒருவரை வீழ்த்தியது காயம். மற்றவரை வீழ்த்தியது வெற்றி. இந்த வேறுபாடு அவர்கள் எழுத்து முழுவதும் ஓடுகிறது. இஞ்ஞாசியார் எதிரியின் நகர்வுகளை வேவு பார்க்கிறார். கஸ்ஸாலி, எதிரி வருமுன்பே அவனுக்கு உள்ளே இடம் பிடித்து வைத்திருக்கும் ஆசைகளைத் துருவுகிறார்.

எதிரிக்கு எவ்வளவு பலம்?

சூனியத்துக்கு அஞ்சும் மனத்துக்கு இரு மரபுகளும் முதலில் சொல்வது ஒன்றுதான்: சாத்தானுக்கு உன்னை வற்புறுத்தும் வல்லமை கிடையாது. குர்ஆனின் இப்றாஹீம் அத்தியாயத்தில், தீர்ப்பு முடிந்தபின் ஷைத்தான் தன்னைப் பின்பற்றியவர்களிடம் கைவிரிக்கிறான். அவன் அழைத்தான், அவர்கள் போனார்கள். பழியை அவர்களே சுமக்க வேண்டும் என்பது அவன் வாதம். எதிர்த்து நின்றால் பிசாசு ஓடிப்போகும் என்று யாக்கோபு தம் நிருபத்தில் உறுதி சொல்கிறார். அதையே இஞ்ஞாசியார் போர்க்கள அனுபவமாக விரிக்கிறார். எதிர்ப்பைக் கண்டால் ஒடுங்குவான். தயங்கிப் பின்வாங்கினால் அவனைப் போலக் கொடியவன் இல்லை.

இருவரும் கோட்டையை உவமை சொல்கிறார்கள். இஞ்ஞாசியாரின் எதிரி, கோட்டையைச் சுற்றி வந்து எந்தப் பக்கம் மதில் தளர்ந்திருக்கிறது என்று பார்க்கும் தளபதி. கஸ்ஸாலி கோட்டைக்குள் நின்று வாசல்களை எண்ணுகிறார். கோபம், இச்சை, பொறாமை, பேராசை, வயிறு நிறைய உண்பது, அவசரம், அலங்கார மோகம், கஞ்சத்தனம் என்று போகும் அந்தப் பட்டியலில் இரண்டு வாசல்கள் நம் கவனத்துக்குரியவை: தன் கூட்டத்தின் மீதுள்ள வெறி, பிறரைப் பற்றிய கெட்ட எண்ணம். சமயப் பற்று என்று நாம் மெச்சுவதன் அடியிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது என்கிறார் அவர்.

காவல் சொற்களைப் பற்றியும் அவர் கண்டிப்பானவர். பசித்த நாய் நெருங்கும்போது கையில் இறைச்சி இல்லாவிட்டால் ஓர் அதட்டலில் போய்விடும். இறைச்சி இருந்தால் எத்தனை அதட்டினாலும் போகாது. உள்ளத்தில் ஆசையை வளர்த்து வைத்துக்கொண்டு நாவால் மட்டும் அஊது எனும் காவல் வேண்டலை ஓதுபவரின் நிலை அதுதான் என்கிறார். தாயத்தையும் இசிமையும் நம்பி இருப்பவருக்கும், ஜெபக் கூட்டத்தில் பெருங்குரலில் பிசாசை அதட்டிவிட்டு வீட்டில் பழைய பகையைப் பேணுபவருக்கும் இந்த உவமை ஒரே அளவில் சுடும்.

நன்மையின் வேடம்

வெளிப்படையான பாவத்தை இனங்காண அறிஞர் தேவையில்லை. களவும் விபசாரமும் தம் பெயரைச் சொல்லிக்கொண்டே வருகின்றன. இரு மரபுகளின் நுட்பமும் வெளிப்படுவது அடுத்த படியில்தான்: பக்தியுள்ளவரைத் தீமை பக்தியின் வழியாகவே அணுகுகிறது.

பாலைநிலத்தில் இயேசுவைச் சோதித்தவன் வேத வசனத்தை எடுத்துக்காட்டியே சோதித்தான். அவன் கையாண்டது 91ஆம் சங்கீதம். இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்து பதில் சொன்னார். இரு தரப்பிலும் வேதம் இருந்தது. ஆகவே வசனம் சொல்வது ஒன்றே உண்மைக்குச் சான்றாகாது என்பது சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே கிடைக்கும் பாடம். சாத்தான் ஒளியின் தூதனாக வேடம் தரிப்பான் என்று பவுல் கொரிந்தியருக்கு எச்சரித்ததும் அதன் தொடர்ச்சியே. மன்ரேசாவில் தவம் செய்த நாட்களில் இஞ்ஞாசியாருக்குப் பாம்பு வடிவில், கண்களைப் போல ஒளிரும் புள்ளிகளோடு அழகிய காட்சி ஒன்று தோன்றியது. பார்க்கப் பார்க்க ஆறுதலாக இருந்தது. அது தீய ஆவியின் வேலை என்று தெளிய அவருக்குக் காலம் பிடித்தது.

இஸ்லாமிய வரலாற்றில் இதன் இணை, 657இல் ஸிஃப்பீன் போரையொட்டிப் பிரிந்துபோன காரிஜிய்யாக்கள். தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது என்று முழங்கினார்கள். அந்த முழக்கத்தில் பிழை இல்லை, அதைக் கொண்டு அவர்கள் நாடுவதே பிழை என்று கலீபா அலீ கணித்தார். 661இல் அவர்களில் ஒருவனே அவரைக் கொன்றான். குர்ஆனை அழகாக ஓதியும் அது தொண்டைக்குக் கீழே இறங்காத கூட்டத்தைப் பற்றிய நபிமொழியை அறிஞர்கள் அவர்களுக்குப் பொருத்திக் காட்டுவார்கள்.

கஸ்ஸாலி இதைத் தம் தொழிலுக்கே பொருத்துகிறார். மக்கள் அறியாமையில் அழிகிறார்களே, உனக்கு இரக்கம் இல்லையா என்று ஷைத்தான் அறிஞனிடம் வந்து பேசுகிறான். அறிஞன் மேடை ஏறுகிறான். குரலை அலங்கரிக்கிறான்; கூட்டம் பெருகுகிறது; மெல்ல மெல்ல அவன் பேசுவது கூட்டத்துக்காக என்றாகிறது. தொடக்கத்தில் இருந்தது உண்மையான இரக்கமே. தன்னை ஏமாற்றிக்கொள்வோரை அவர் நான்கு வகையாகப் பிரிக்கும்போதும் அறிஞர்களையே முதலில் நிறுத்துகிறார். பிறகு வணக்கசாலிகள், ஸூஃபிகள், செல்வந்தர்கள். முறைகேடான பணத்தில் பள்ளிவாசலும் பாலமும் கட்டி அதில் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளும் செல்வந்தரை அவர் 900 ஆண்டுகளுக்கு முன்பு கண்டித்தார். சுனாமிக்குப் பின் கட்டடந்தோறும் கொடையாளர் பெயர்ப்பலகை ஏறிய நம் கரையில், பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் அது பொதுவான கண்டனம்.

இந்த இடத்தில் கிறிஸ்தவ வாசகர் கஸ்ஸாலியிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஏமாற்றத்தைப் பற்றிய கிறிஸ்தவப் பிரசங்கம் பெரும்பாலும் கேட்பவரை நோக்கியே பேசுகிறது. கள்ளப் போதகருக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்கிறது. கஸ்ஸாலியோ, பிரசங்கி தானே ஏமாந்துகொண்டிருக்கலாம் என்ற விசாரணையை முதலிடத்தில் வைக்கிறார்.

அளக்கும் கோல்

நல்ல எண்ணத்துக்கும் நல்லது போன்ற எண்ணத்துக்கும் வேறுபாடு காண்பது எப்படி? இரு முறைகளும் இங்கேதான் பிரிகின்றன.

இஞ்ஞாசியாரின் கோல் காலத்தில் நீள்கிறது. எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்கச் சொல்கிறார். மூன்றும் நன்மையில் நின்றால் அது நல்ல ஆவியின் வேலை. நன்றாகத் தொடங்கிய ஒன்று போகப்போகக் குறைந்த நன்மைக்கோ, கவனச் சிதறலுக்கோ, முன்பிருந்த அமைதியின் குலைவுக்கோ கொண்டுபோனால் தீய ஆவியின் வால் தெரிந்துவிட்டது. அப்போது வந்த வழியே திரும்பிச் சென்று எந்த இடத்தில் சறுக்கல் தொடங்கியது என்று தேட வேண்டும்; அடுத்த முறை அந்த இடத்திலேயே விழிப்பு வரும். மனம் இருண்டு வறண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி.

கஸ்ஸாலி, எழும் எண்ணங்களை மூன்றாக வகுக்கிறார்: நன்மை என்று தெரிந்தவை, தீமை என்று தெரிந்தவை, இரண்டுக்கும் நடுவில் மயங்குபவை. முதல் இரண்டையும் மார்க்கச் சட்டம் காட்டிக்கொடுக்கும். மூன்றாவதற்கு ஆழ்ந்த அறிவும் இறையச்சத்தின் ஒளியும் வேண்டும். அவருடைய கோல் உணர்வுக்கு வெளியே, கல்வியில் ஊன்றி நிற்கிறது.

இஞ்ஞாசியாரின் முறையில் உள்ள ஆபத்து வெளிப்படை. மன அமைதியை அளவுகோலாக்கினால், கொலை செய்யப் போகிறவனும் அமைதியாக இருக்கக்கூடுமே? இதை அவர் அறியாதவர் அல்லர். நன்மையில் வளர்கிறவனுக்குள் நல்ல ஆவி பஞ்சில் விழும் நீர்த்துளியாக ஓசையின்றி நுழைகிறது, தீய ஆவியோ கல்லில் விழும் துளியாகத் தெறிக்கிறது. கீழ்நோக்கிப் போகிறவனுக்கு இது தலைகீழ். தீமைதான் அவனுக்குள் சத்தமின்றி இறங்கும். சரி, தான் எந்தத் திசையில் போகிறோம் என்று ஒருவன் எப்படி அறிவான்? அதற்கு ஆன்ம வழிகாட்டியும் திருச்சபையின் போதனையும் கட்டளைகளும் வேண்டும். உணர்வுக்கு வெளியே ஒரு கோல் அவருக்கும் தேவைப்படுகிறது.

கஸ்ஸாலியின் முறைக்கும் ஒரு நெருக்கடி உண்டு. சட்டத்தையும் வசனத்தையும் ஏமாற்றுபவனும் எடுத்துக்காட்டுவான், காரிஜிய்யாக்கள் காட்டினார்கள். அப்போது, அந்த வசனம் இவனை எங்கே கொண்டுபோகிறது என்று பின்தொடர்ந்து பார்க்கும் இஞ்ஞாசியாரின் கண் வேண்டியிருக்கிறது.

அன்றாடக் கணக்கும் இரகசியமும்

நடைமுறையில் இருவரும் ஒரே கணக்கப்பிள்ளையிடம் பயின்றவர்கள் போலத் தோன்றும். காலையில் நப்ஸுடன் ஒப்பந்தம், பகலில் கண்காணிப்பு, இரவில் கணக்குப் பார்த்தல், குறை கண்டால் கண்டிப்பு என்று கஸ்ஸாலி படிகள் அமைக்கிறார். கூட்டு வியாபாரத்தில் பங்காளியிடம் கணக்குக் கேட்பதை அவர் உவமையாக்குகிறார். வியாபாரமே வாழ்வான கல்முனைக் கடைத்தெருவுக்கு விளக்கம் தேவையில்லாத உவமை. இஞ்ஞாசியாரும் காலையில் உறுதி, நண்பகலில் ஒரு கணக்கு, இரவில் ஒரு கணக்கு என்கிறார். ஒவ்வொரு சறுக்கலுக்கும் கோட்டின் மீது புள்ளி வைத்து, நேற்றைய புள்ளிகளோடு இன்றையதை ஒப்பிடச் சொல்கிறார்.

ஒரு முக்கியமான வேறுபாடும் இங்கே இருக்கிறது. இஞ்ஞாசியாரின் எதிரி கள்ளக் காதலனைப் போன்றவன். பேச்சு வெளியே தெரிந்துவிட்டால் அவன் வேலை கெட்டுப்போகும். ஆகவே சோதனையைத் தகுந்த ஒருவரிடம் சொல்லிவிடு என்கிறார். கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி அதற்கான இடம். மெதடிஸ்த முன்னோடி ஜோன் உவெஸ்லி 1738இல் தம் சிறு குழுக்களுக்கு வகுத்த ஒழுங்கில், வாரந்தோறும் கூடி, சந்தித்த சோதனைகளையும் அவற்றிலிருந்து தப்பிய விதத்தையும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும் என்றிருந்தது. இஸ்லாம் இதற்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. அல்லாஹ் மறைத்துவிட்ட பாவத்தை மனிதன் தானே வெளியில் சொல்லித் திரிவதை நபிமொழி கண்டிக்கிறது. தவ்பா எனும் மன்னிப்புக் கோரல் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையில் முடிகிற காரியம். ஸூஃபி வழியில் மட்டும் முரீத் எனும் சீடர் தன் மன ஓட்டங்களை ஷெய்க் எனும் குருவிடம் வைப்பதுண்டு.

இரண்டிலும் நியாயம் உண்டு. சொல்லாமல் அழுகிய இரகசியங்களும் இருக்கின்றன. சொல்லப்போய் ஊர்வாயில் அரைபட்ட இரகசியங்களும் இருக்கின்றன. யாரிடம் சொல்கிறோம் என்பதில் இஞ்ஞாசியார் கவனமானவர். நல்ல ஒப்புரவாளரையோ ஆன்ம அனுபவம் உள்ளவரையோதான் அவர் குறிப்பிடுகிறார். நூறு பேர் கூடிய மேடையில் நிறுத்தி ஒருவரின் பாவத்தைத் தீர்க்கதரிசனம் என்ற பெயரில் அறிவிக்கும் இன்றைய வழக்கத்துக்கு அவரிடம் ஆதரவு கிடையாது.

மிகையான ஐயத்தைப் பற்றியும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். மன்ரேசாவில் இஞ்ஞாசியார் சொன்ன பாவத்தையே மறுபடி மறுபடி சங்கீர்த்தனம் செய்து, உயிரை விட்டுவிடலாமா என்னும் அளவுக்குப் போனார். கடைசியில் பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தே மீண்டார். தொழுகைக்கு முந்திய வுளூக் கழுவலில் தண்ணீர் பட்டதா, நிய்யத் என்ற மன உறுதி சரியாக வந்ததா என்று திரும்பத் திரும்பத் தொடங்கித் தொழுகை நேரத்தையே இழப்பவரைக் கஸ்ஸாலி ஏமாந்த வணக்கசாலிகளின் வரிசையில் வைக்கிறார். தீமையைப் பற்றிய ஓயாத பயமும் ஒரு சோதனைதான். இத்தகைய ஐயம் ஒருவரை முடக்கிப்போடும்போது குருவும் மௌலவியும் மனநல வைத்தியரிடம் அனுப்பத் தயங்கலாகாது.

வேர்களில் உள்ள பிரிவு

ஒற்றுமைகளைச் சொல்லி இங்கேயே நிறுத்தினால் ஒப்பாய்வு உபசாரமாகிவிடும். கிறிஸ்தவத்தில் ஆதாமின் வீழ்ச்சி மனித இயல்பையே காயப்படுத்தியது. ஆகவே சோதனையை வெல்வது முயற்சிக்கு முன்பாக அருளின் காரியம். சோதனைக்குள் தாமே நுழைந்து வென்ற கிறிஸ்துவோடு சேர்ந்தே கிறிஸ்தவன் வெல்கிறான். இறைமகன் சோதிக்கப்பட்டார் என்பது அவனுக்கு ஆறுதல். குர்ஆனில் ஆதமும் துணைவியும் சறுக்கினார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், மன்னிக்கப்பட்டார்கள். குற்றம் பிள்ளைகளுக்கு இறங்கவில்லை. மனித இயல்பு அடிப்படையில் நேரானது, ஆனால் மறதியுடையது. ஆகவே மருந்து நினைவூட்டல்: தொழுகை, திக்ர் எனும் இறைநினைவு, அஊது. கிறிஸ்தவன் மீட்பரைப் பற்றிக்கொள்கிறான். முஸ்லிம் இறைவனிடம் காவல் தேடுகிறான். எந்த விருந்து மேசையும் இந்த வேறுபாட்டைக் கரைத்துவிடாது. கரைக்க வேண்டியதும் இல்லை.

2019

இந்தக் கோல்கள் ஏட்டில் மட்டும் கிடப்பவை அல்ல என்பதை 2019 காட்டியது. காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிமின் பேச்சு, மார்க்கத்தைத் தூய்மையாக்குவது என்ற இடத்தில் தொடங்கியது. 2017 மார்ச் 10ஆம் திகதி அது சொந்த ஊரின் ஸூஃபி முஸ்லிம்கள் மீதான மோதலாக வெடித்தது. பிறகு தலைமறைவு, இரகசியம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று ஸஹ்ரானின் குழு நடத்திய தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் உட்பட, நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டோரின் உயிர் போயிற்று. தொடக்கம், நடு, முடிவு: இஞ்ஞாசியாரின் விதியை இதைவிடக் கொடுமையாக விளக்க முடியாது. கஸ்ஸாலியின் பட்டியலில் இருந்த கூட்டவெறி என்ற வாசலும் இதுவே. ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருது சுனாமி வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்து, ஸஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் சிறு பிள்ளைகளும் மாண்டார்கள். புதிதாக வந்தவர்களின் மீது ஐயம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. குண்டுதாரிகளின் சடலங்களைப் பொறுப்பேற்பதில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

இது அவர்களின் நோய் என்று கிறிஸ்தவ வாசகர் மூச்சு விட்டுக்கொள்ள வேண்டாம். 2023 ஏப்ரலில் கென்யாவின் ஷாகஹோலாக் காட்டில் புதைகுழிகள் தோண்டப்பட்டன. இயேசுவைச் சந்திக்கலாம் என்ற போதனையை நம்பி உண்ணாமல் கிடந்து இறந்தவர்களே அவற்றில் பெரும்பாலும் புதைக்கப்பட்டிருந்தார்கள். கிடைத்த உடல்கள் 400க்கும் மேல், அவற்றில் பிள்ளைகளின் உடல்கள் பல. தொடக்கத்தில் இருந்தது உபவாசம். எந்தப் பங்கிலும் எந்தச் சபையிலும் மெச்சப்படும் நற்செயல்.

இரண்டிலும் நான்கு அடையாளங்கள் பொதுவானவை. எடுத்துக்கொண்டது மெய்யான நன்மை ஒன்று. போகப்போகப் போதகரைக் கேள்வி கேட்க ஆள் இல்லாமற் போனது. பேச்சு இரகசியத்துக்குள் நுழைந்தது. முடிவில், உலகமே கெட்டது, நாம் மட்டுமே மீந்தவர்கள் என்ற எண்ணம் இரக்கத்தைத் தின்றது. இவற்றில் இரண்டு சேர்ந்து வரும்போதே குடும்பத்தாரும் பங்குச் சபையும் பள்ளி நிருவாகமும் விழித்துக்கொள்ள வேண்டும்.

யார் மீது இந்தக் கோல்?

2019 தாக்குதல்களுக்குப் பின் வந்த மாதங்களில் இன்னொரு சோதனை நேர்ந்தது. முஸ்லிம் கடைக்குப் போகாதே என்ற பேச்சு பரவியது; தொப்பியும் அபாயாவும் சந்தேகத்துக்குரியவை ஆயின. ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்கும் ஆர்வம் அயலானைக் கண்டுபிடிக்கும் ஆர்வமாக மாறிற்று. பழைய கணக்குகளும் எழுந்தன. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட இயேசு சபைக் குரு யூஜின் ஹெபேர்ட்டும் அவருடன் சென்ற தமிழ் இளைஞரும் வழியில் காணாமற்போனார்கள். அந்நாட்களில் ஒவ்வொரு தரப்பும் தன் கோபத்தை நீதி என்றே நம்பியது.

இரு ஆசிரியர்களும் இதற்கு முன்கூட்டியே தடை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆன்மப் பயிற்சி நூலில், பயிற்சிகளுக்குப் போகுமுன்பே இஞ்ஞாசியார் ஒரு நிபந்தனை வைக்கிறார்: அயலானின் கூற்றைக் கண்டிக்க முந்துவதைவிட அதற்கு நல்ல பொருள் கொள்ளவே கிறிஸ்தவன் முந்த வேண்டும்; புரியாவிட்டால் அவனையே கேட்க வேண்டும். கஸ்ஸாலி கெட்ட எண்ணத்தை ஷைத்தானின் வாசல்களில் ஒன்றாக எண்ணியதோடு, பிறரைக் காஃபிர் என்று சொல்ல முந்துவதைக் கட்டுப்படுத்த ஃபைஸலுத் தஃப்ரிகா என்ற தனி நூலும் எழுதினார். இருவரும் தம் விதிக்கு எப்போதும் உண்மையாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மெய்யியலாளர் சிலரை மூன்று கொள்கைகளுக்காகக் காஃபிர் என்று தீர்த்தவரும் கஸ்ஸாலியே. சீர்திருத்தச் சபையினரோடு கடுமையாக மோதியதும் இஞ்ஞாசியாரின் சபையே. அவர்களாலேயே முழுதும் காக்க முடியாத விதி என்பதால் அதன் பெறுமதி குறையவில்லை.

கல்முனைக் கரையின் கிறிஸ்தவருக்கு இந்த ஒப்பீட்டால் வரும் ஆதாயம் இரண்டு. சோதனையை இனங்காணும் முறையைச் சூனியக்காரனிடமோ மேடைத் தீர்க்கதரிசியிடமோ கடன் வாங்க வேண்டியதில்லை. நாள் முடிவில் பத்து நிமிடம் கணக்குப் பார்க்கும் பழைய ஒழுக்கம் அவர்களுடைய சொந்தச் சொத்து. அந்த ஒழுக்கத்தை, போதிப்பவரிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற கஸ்ஸாலியின் கண்டிப்போடு சேர்த்தால் அது கூர்மை பெறும். முஸ்லிம் அயலவரும் எண்ணத்தின் முடிவைப் பின்தொடர்ந்து பார்க்கும் இஞ்ஞாசியாரின் முறையைத் தம் முஹாஸபா எனும் சுயவிசாரணையில் சேர்த்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. இரண்டு கோல்களும் தன் உள்ளத்தை அளக்கச் செய்யப்பட்டவை. அயலானின் உள்ளத்தை அளக்க அவற்றைத் தூக்கியவன், அந்த நேரத்தில் தன் வாசலைத் திறந்து வைத்தவன் ஆகிறான்.